பிள்ளைக்கு என்னவோ சரியில்லை

(வானொலியில் வழங்கப்பட்ட மறையுரைச் சிந்தனை. பங்குமக்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுத்து வடிவில் தரப்படுகிறது.)

இந்த நேரத்தில் உங்களில் பலர் அடுப்படியில் இருப்பீர்கள், சிலர் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். இரவெல்லாம் கண்விழித்து, இப்போதுதான் உறங்கத் தொடங்கிய கைக்குழந்தையைத் தோளிலிருந்து இறக்க மனமில்லாமல், வானொலியின் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் தாய் ஒருவரும் எங்கோ இருப்பார். இன்றைய சிந்தனை முதலில் அவருக்குத்தான்.

ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றிச் சிந்திப்போம். வீடு சந்திக்கப் போகும்போதும், நவநாள் முடிந்து பிள்ளைகளை ஆசீர்வாதத்துக்குக் கொண்டுவரும்போதும் நாங்கள் பலமுறை கேட்ட வாக்கியம் அது. "என்னன்னு சொல்லத் தெரியல ஃபாதர், ஆனா பிள்ளைக்கு என்னவோ சரியில்ல." தொட்டுப் பார்த்தால் காய்ச்சல் இருக்காது. பால் குடிக்கிறது, ஆனால் முன்பு குடித்த மாதிரி இல்லை. அழுகிறது, ஆனால் அது பசி அழுகையும் இல்லை, தூக்கத்துக்கு அழும் அழுகையும் இல்லை. ஒரு வாரம் தேறுவது போலத் தெரிகிறது, மறு வாரம் வாடிவிடுகிறது. மருத்துவரிடம் போனால் ஒரு சொட்டு மருந்து எழுதித் தருகிறார். மூன்று நாள் கழித்து மீண்டும் அதே கதை.

வீட்டில் ஆளுக்கு ஒரு பதில் இருக்கும். தீட்டுப் பட்டிருக்கும், தோஷம் என்பார் ஒருவர். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்பார் இன்னொருவர். மாந்தம், உரமருந்து கொடு என்பார் பாட்டி. பல் முளைக்கிற காலம் அப்படித்தான் இருக்கும் என்பார் பக்கத்து வீட்டு அக்கா. "நாங்க அஞ்சு பெத்தோம், இப்படியா பயந்தோம்?" என்று மாமியார் கேட்டுவிட்டால் அதற்கு மேல் பேச அந்த இளம் தாய்க்கு வாய் வராது. கணவரோ, "டாக்டரே ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரே" என்பார். இவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: பெரும்பாலான நேரங்களில் இவர்கள் சொல்வது போலவே பிள்ளை தானாகத் தேறியும் விடுகிறது. அதனால்தான் தேறாத அந்த ஒரு பிள்ளையின் தாய் பேசும்போது யாரும் காது கொடுப்பதில்லை.

அரசர்கள் இரண்டாம் நூலின் 4ஆம் அதிகாரத்தில் இப்படி ஒரு தாய் வருகிறார். சூனேம் ஊரைச் சேர்ந்தவர். அவருடைய பெயரை விவிலியம் சொல்லவில்லை. இறைவாக்கினர் எலிசா அந்த வழியாகப் போகும்போதெல்லாம் தங்குவதற்காக மாடியில் ஓர் அறை கட்டிக் கொடுத்தவர். வெகுகாலம் பிள்ளை இல்லாமல் இருந்து ஒரு மகனைப் பெற்றவர். அறுவடைக் காலத்தில் ஒருநாள் தந்தையோடு வயலில் இருந்த அந்தச் சிறுவன் தலை வலிக்கிறது என்கிறான். தந்தை ஒரு வேலையாளைக் கூப்பிட்டு, தாயிடம் தூக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டு அறுவடையைக் கவனிக்கிறார். நண்பகல்வரை தாயின் மடியில் கிடந்த பிள்ளை இறந்துபோகிறது.

இதற்குப் பின் அந்தத் தாய் செய்வதைக் கவனியுங்கள். அவர் ஒப்பாரி வைக்கவில்லை. பிள்ளையை இறைவாக்கினரின் கட்டிலில் கிடத்திக் கதவை மூடுகிறார். கழுதைக்குச் சேணம் கட்டச் சொல்கிறார். கணவர், இன்று அமாவாசையும் இல்லை, ஓய்வுநாளும் இல்லை, எதற்குப் போகிறாய் என்று கேட்கிறார். அவரோடு வாதாடிக்கொண்டிருக்க இந்தத் தாய்க்கு நேரமில்லை. எல்லாம் நலமே என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டுக் கர்மேல் மலைக்கு விரைகிறார். எதிரே ஓடிவந்து நலமா என்று கேட்ட பணியாளர் கேகசிக்கும் அதே ஒற்றைச் சொல்தான் பதில். எலிசாவைக் கண்டதும் மட்டும் அவர் காலைப் பற்றிக்கொள்கிறார். கேகசி வந்து அவரைத் தள்ளிவிடப் பார்க்கிறார். எலிசா தடுக்கிறார். அவள் உள்ளம் கசந்துபோயிருக்கிறது, ஆண்டவரோ அதன் காரணத்தை எனக்கு வெளிப்படுத்தாமல் மறைத்துவிட்டார் என்கிறார்.

நேயர்களே, விவிலியத்தில் எங்களைப் போன்றவர்கள் அடிக்கடி வாசிக்க வேண்டிய இடம் இது. இறைவாக்கினருக்கே தெரியவில்லை, தாய்க்குத் தெரிந்திருக்கிறது. தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ள எலிசா வெட்கப்படவும் இல்லை. பிறகு தம் கோலைக் கேகசியிடம் கொடுத்து, போய்ப் பிள்ளையின் முகத்தில் வை என்று அனுப்புகிறார். அந்தத் தாய் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. நீர் வராமல் நான் போகமாட்டேன் என்று நிற்கிறார். கோல் முன்னே போகிறது, பயனில்லை. தாயின் பிடிவாதத்தால் எலிசாவே எழுந்து பின்னால் வந்ததனால்தான் அந்த வீட்டில் பிள்ளை ஏழு முறை தும்மிக் கண் திறக்கிறது. அந்தப் பெண் கேகசியின் சொல்லைக் கேட்டு மரியாதையாகத் திரும்பிப் போயிருந்தால்?

விவிலியத்துக்கு வெளியேயும் இப்படிப்பட்ட தாய்மார் உண்டு. அவர்களில் ஒருவர் நார்வே நாட்டைச் சேர்ந்த போர்ன்யி எகெலாண்ட். மருத்துவ வரலாற்றில் இடம் பெற்ற பெயர் அது. அவருக்கு ஒரு மகள், ஒரு மகன். இருவரும் பிறக்கும்போது மற்றப் பிள்ளைகளைப் போலவே இருந்தார்கள். மாதங்கள் செல்லச் செல்ல மகளுக்கு நடையும் பேச்சும் வரத் தாமதமானது. மகனுக்கு அவை வரவே இல்லை. தாய் ஒன்றைக் கவனித்தார். இரண்டு பிள்ளைகளிடமும் ஒரு வினோதமான வாடை, பூசணம் பிடித்த பொருளிலிருந்து வருவது போன்ற வாடை இருந்தது. எத்தனை குளிப்பாட்டினாலும் அது போகவில்லை. மருத்துவர் மருத்துவராக அலைந்தார். பிள்ளைகளின் நிலைக்கு யாராலும் காரணம் சொல்ல முடியவில்லை. அந்த வாடையையும் யாரும் பொருட்படுத்தவில்லை. ஆனால் இந்த இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்ற எண்ணத்தை அவர் விடவே இல்லை.

1934இல் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர் அவர் சொன்னதைக் கேட்டார். ஃபோலிங் வேதியியலும் படித்தவர். பிள்ளைகளின் சிறுநீரைக் கொண்டுவரச் சொல்லி, அதில் ஃபெரிக் குளோரைடு என்ற இரசாயனத்தைச் சேர்த்துப் பார்த்தார். நீரிழிவு நோயாளிகளிடம் சில மாற்றங்களைக் கண்டறிய அந்நாளில் செய்த சாதாரணச் சோதனைதான் அது. ஆனால் அவர் எதிர்பாராத வகையில் சிறுநீர் கரும்பச்சையாக மாறியது. மருந்து ஏதும் கொடுத்தால் அப்படி ஆகுமோ என்று எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டுச் சோதித்தார். அப்போதும் பச்சைதான். அந்தத் தாய் லிட்டர் லிட்டராகச் சிறுநீரைச் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு நோயுற்ற பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதை நாள்தோறும் சேகரிப்பது எவ்வளவு பாடு என்று தாய்மாருக்குத் தெரியும். அதிலிருந்து ஃபோலிங் ஒரு அமிலத்தைப் பிரித்தெடுத்தார். பிறகு மனவளர்ச்சி குன்றியோர் இல்லங்களில் இருந்த 430 பேரைச் சோதித்தபோது இன்னும் 8 பேரிடம் அதே பச்சை நிறம் தெரிந்தது.

இன்று அந்த நோயை ஃபீனைல்கீட்டோனூரியா என்கிறோம். பாலிலும் மற்றப் புரதங்களிலும் உள்ள ஃபீனைல்அலனின் என்ற சத்தைச் சிதைக்க அந்தப் பிள்ளைகளின் உடலால் முடிவதில்லை. அது இரத்தத்தில் தேங்கி வளரும் மூளையைக் கெடுக்கிறது. தாய் முகர்ந்த வாடையும் அதனால் வந்ததே. பிள்ளையை வளர்க்க வேண்டிய உணவே அதன் மூளையைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அது யாருக்கும் தெரியாத நாளிலும் தாயின் மூக்குக்கு ஏதோ தெரிந்திருந்தது.

இந்த வரலாற்றில் அடுத்த படி இங்கிலாந்தில் நடந்தது, அதிலும் ஒரு தாய் இருக்கிறார். 1950களின் தொடக்கம், பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனை. ஹார்ஸ்ட் பிக்கல் என்ற மருத்துவர், இரண்டு வயது நிரம்பாத ஒரு சிறுமிக்கு இதே நோய் என்று கண்டுபிடிக்கிறார். நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது, மருந்து கிடையாது. அந்தத் தாய் பெயரோடு திருப்தியடைந்து வீட்டுக்குப் போகவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் ஆய்வகத்தின் முன்னால் வந்து நின்று, என் பிள்ளைக்கு எப்போது ஒரு வழி கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டார். பிக்கலும் உடன் பணியாற்றியவர்களும் ஃபீனைல்அலனின் நீக்கிய ஒரு பால் உணவைத் தயாரித்துக் கொடுத்தார்கள். நிற்கவும் முடியாமல், தலையை மோதிக்கொண்டு அழுதபடி கிடந்த குழந்தை மெல்ல மெல்லத் தவழவும் நிற்கவும் கற்றுக்கொண்டது. கண்ணில் ஒளி வந்தது.

இது உண்மையில் உணவால் வந்த மாற்றம்தானா என்று உறுதி செய்ய அவர்கள் ஒன்று செய்தார்கள். தாயிடம் சொல்லாமலேயே அந்த உணவில் ஃபீனைல்அலனினை மீண்டும் கலந்து கொடுத்தார்கள். இன்று எந்த மருத்துவமனையும் அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் நடந்ததைக் கேளுங்கள். சில மணி நேரத்திலேயே பிள்ளையின் நிலை மோசமாகத் தொடங்கியது. தாய் வந்து, பிள்ளை பழையபடி ஆகிவிட்டாள் என்று சொன்னார். எதைக் கலந்தார்கள், எப்போது கலந்தார்கள் என்று எதுவும் தெரியாத அந்தத் தாயின் கண் அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. 1953இல் மருத்துவர்கள் இதைத் தங்கள் கட்டுரையில் எழுதி வைத்தார்கள்.

பிறகு 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இராபர்ட் கத்ரி, பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்து வடிதாளில் ஒற்றி இந்த நோயைக் கண்டறியும் சோதனையை உருவாக்கினார். அவரும் மனவளர்ச்சி குன்றிய ஒரு மகனின் தந்தை. இன்று பல நாடுகளில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இந்தச் சோதனை செய்யப்படுகிறது. முதல் வாரங்களிலேயே உணவை மாற்றிவிட்டால் பிள்ளை மற்றவர்களைப் போலப் படித்து வளர்கிறது. எகெலாண்ட் குடும்பத்தின் பிள்ளைகளுக்கு இது கிடைக்கவில்லை. மகன் சிறுவயதிலேயே இறந்தான், மகளுக்கு மருத்துவம் வந்து சேரும்போது காலம் கடந்திருந்தது. பிறருடைய பிள்ளைகளுக்காகவே அந்தத் தாய் அலைந்தார் என்று ஆகிவிட்டது.

பெற்றோரின் இந்த உள்ளுணர்வு என்பது என்ன? அதை மந்திரம் போலவோ, வானத்திலிருந்து வரும் காட்சி போலவோ எண்ண வேண்டாம் என்று நினைக்கிறோம். மருத்துவர் உங்கள் பிள்ளையைப் பத்து நிமிடம் பார்க்கிறார். கூட்டமான நாளில் மூன்று நிமிடம். ஆனால் அவர் இதற்குமுன் ஆயிரம் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறார். நீங்கள் ஒரு பிள்ளையை இரவும் பகலும் பார்த்திருக்கிறீர்கள். நேற்று எப்படி உறிஞ்சியது, எந்தப் பக்கம் தலையைத் திருப்பியது, எந்தக் குரலில் அழுதது என்பதெல்லாம் உங்கள் கையும் காதும் மூக்கும் கணக்கு வைத்திருக்கின்றன. வாய்தான் அதைச் சொல்லத் திணறுகிறது. இரண்டு பேருடைய அறிவும் சேர்ந்தால்தான் பிள்ளைக்கு நன்மை. 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, குழந்தைகளிடம் கடுமையான தொற்று இருப்பதை உணர்த்தும் எச்சரிக்கை அறிகுறிகளில் ஒன்றாகப் பெற்றோரின் கவலையையும் சேர்த்தது. வேகமான மூச்சையும் நீலம் பாய்ந்த உதட்டையும் கவனிக்கும் மருத்துவர், தாயின் கவலையையும் கவனிக்க வேண்டும் என்பது இதன் பொருள்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லாமல் போனால் நாங்கள் தவறு செய்தவர்கள் ஆவோம். "என்னவோ சரியில்லை" என்று சொல்வது ஒன்று. "இதுதான் வியாதி, இதுதான் மருந்து" என்று முடிவு கட்டுவது வேறு. முன்னது சாட்சியம். பின்னதற்குப் படிப்பும் சோதனையும் வேண்டும். எகெலாண்ட் அம்மா வாடை வருகிறது என்றார், ஆனால் அதற்குத் தாமே ஒரு மருந்து அரைத்துக் கொடுக்கவில்லை. உள்ளுணர்வின் பெயரால் தடுப்பூசியை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தொக்கம் எடுக்கிறவரிடம் கைக்குழந்தையைக் கொண்டுபோய், தொண்டைக்குள் கையோ குழலோ விடச் சம்மதிப்பவர்களும் இருக்கிறார்கள். வயிற்றில் சூடு போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இவற்றை உள்ளுணர்வு என்று ஏற்க முடியாது. கவலை தாங்காமல் எதையாவது செய்துவிட வேண்டும் என்ற தவிப்பு அது.

சரி, கவலை தவறாகவே இருந்துவிட்டால்? பேறுகால மனச்சோர்வில் இருக்கும் தாய்க்கு எல்லாமே ஆபத்தாகத் தெரியலாமே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் அப்போதும் மருத்துவரிடம் போவதே நல்லது. பிள்ளை நலமாக இருந்து தாய் சோர்ந்திருந்தால், உதவி தேவைப்படுகிறவர் தாய். இரண்டில் எதுவானாலும், "சும்மா பயப்படாதே" என்ற பதிலால் யாருக்கும் பயனில்லை.

இனி எங்களைப் பற்றி. இதைச் சொல்லத்தான் இந்தத் தலைப்பையே எடுத்துக்கொண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம் தாய் ஏறக்குறைய ஒன்றரை மாதக் குழந்தையைக் கோவிலுக்குக் கொண்டுவந்தார். பிள்ளை மஞ்சளாக இருந்தது. நன்றாகப் பால் குடித்தது, சிரிக்கக்கூடத் தொடங்கியிருந்தது. காலை வெயில் காட்டச் சொன்னார்கள், தானாகப் போய்விடும் என்றார்கள், ஆனால் போகவில்லை என்றார் அவர். "மலம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாப் போகுது ஃபாதர், சொன்னா யாரும் கேட்கமாட்டேங்குறாங்க" என்றும் சொன்னார். நாங்கள் பிள்ளையின் தலையில் கைவைத்துச் செபித்தோம். விசுவாசத்தோடு இருங்கள் அம்மா, ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்றோம். அவர் அடுத்த வாரமும் வந்தார். அப்போதும் அதையே சொன்னோம். யாருமே கேட்கவில்லை என்று சொன்ன அந்தத் தாயிடம், கேட்காதவர்களின் வரிசையில் நாங்களும் போய் நின்றோம். கடைசியில் அவருடைய அண்ணன் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது பிள்ளைக்கு 80 நாள் கடந்திருந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. ஆனால் கல்லீரல் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது. முதல் பிறந்தநாளுக்கு முன்பே அந்தப் பிள்ளைக்கு அடக்கச் சடங்கு செய்தவர்களும் நாங்கள்தான்.

அதன்பின் மருத்துவர்களிடம் கேட்டு அறிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறோம். பிறந்த குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முதல் வாரத்தில் மஞ்சள் தட்டும். பெரும்பாலும் அது தானாகவே மறையும். ஆனால் நிறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் இருந்தால் இரத்தச் சோதனை செய்தே ஆகவேண்டும். பிலிருபின் மொத்தம் எவ்வளவு என்று பார்ப்பது மட்டும் போதாது, நேரடி பிலிருபின் எவ்வளவு என்றும் பிரித்துப் பார்க்க வேண்டும். தாய்ப்பால் குடிப்பதால் மஞ்சள் நீடிக்கும் பிள்ளைகள் உண்டு, அதில் ஆபத்தில்லை. ஆனால் சில பிள்ளைகளுக்குக் கல்லீரலிலிருந்து பித்தம் இறங்கும் குழாய் அடைபட்டுப்போகிறது. பித்தம்தான் மலத்துக்கு நிறம் தருவது. அது குடலுக்கு வராதபோது மலம் வெள்ளையாகவோ, களிமண் நிறத்திலோ, வெளிறிய மஞ்சளாகவோ போகும். சிறுநீர் துணியில் மஞ்சள் கறையாகப் பிடிக்கும். கைக்குழந்தையின் சிறுநீர் பொதுவாக நிறமில்லாமல்தான் இருக்கும். பிள்ளை பார்வைக்கு நலமாகவே இருப்பதால் எல்லோரும் ஏமாந்துபோவார்கள். எத்தனை வெயில் காட்டினாலும் இது போகாது.

இதற்கு வழி இருக்கிறது. ஜப்பானிய அறுவை மருத்துவர் மோரியோ கசாய் 1950களில் உருவாக்கிய அறுவை சிகிச்சையில் குடலின் ஒரு பகுதியை நேராகக் கல்லீரலோடு இணைத்துப் பித்தம் இறங்க வழி செய்கிறார்கள். பிள்ளைக்கு 60 நாள் ஆவதற்குள் செய்தால் பலன் கூடுதல். நாள் தள்ளத் தள்ளப் பலன் குறைகிறது. தைவான் நாட்டில் 2004 முதல், மலத்தின் நிறங்களை அச்சிட்ட ஓர் அட்டையை எல்லாத் தாய்மாருக்கும் கொடுக்கிறார்கள். 2012 முதல் ஜப்பானிலும் தாய்சேய் கையேட்டில் அது உண்டு. துணி மாற்றும்போது தாய் ஒப்பிட்டுப் பார்க்கிறார், அவ்வளவுதான். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. தாயின் கண்ணை நம்பிய ஓர் அட்டை அது. நம் வீடுகளில் அந்த அட்டை இல்லாவிட்டாலும் துணியை மாற்றும் கை இருக்கிறது. நிறம் சந்தேகமாக இருந்தால் பகல் வெளிச்சத்தில் அலைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள், துணியையே எடுத்துக்கொண்டு போனாலும் தவறில்லை. அருவருப்பு என்று எந்த நல்ல மருத்துவரும் நினைக்கமாட்டார்.

மற்ற நோய்களுக்கும் இதே வழி உதவும். "சரியில்லை" என்ற சொல்லோடு நிறுத்தாமல், பார்த்ததைச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் தொடங்கியது, ஒரு நாளைக்கு எத்தனை முறை பால் குடிக்கிறது, எத்தனை முறை சிறுநீர் போகிறது, முன்பு செய்த எதை இப்போது செய்யவில்லை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பிள்ளை திடீரென்று வெட்டி வெட்டி இழுப்பது போலச் செய்தால், மருத்துவர் முன் அது நடக்காது. வீட்டில் ஒருவர் அலைபேசியில் பதிவு செய்யட்டும். தடுப்பூசி அட்டையில் எடை ஏறும் கோட்டைக் காட்டிக் கேளுங்கள். மருந்து எழுதியபின் எழுந்து வந்துவிடாமல், வேறு என்னவாக இருக்கக்கூடும் டாக்டர், எத்தனை நாளில் சரியாக வேண்டும், எதைக் கண்டால் உடனே வர வேண்டும் என்று பணிவாகக் கேளுங்கள். சொன்ன நாளில் சரியாகவில்லை என்றால் மறுபடியும் போங்கள். வேறொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பது முதல் மருத்துவரை அவமதிப்பது ஆகாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பினாலும் எழும்பாமல் துவண்டாலோ, மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்கினாலோ, பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலோ யோசிக்கவே வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் எங்களைத் தேடிக் கோவிலுக்கு வராதீர்கள். நாங்கள் மருத்துவமனைக்கு வருகிறோம்.

மருத்துவர்களையும் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே காலையில் நூறு பேரைப் பார்த்துக் களைத்துப்போகும் அவர்களும் மனிதர்களே. மருத்துவரைப் படைத்தவர் ஆண்டவரே என்று சீராக்கின் ஞான நூல் 38ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. நோயைச் சரியாக அறிந்து குணப்படுத்த மருத்துவரும் ஆண்டவரை மன்றாடுவார் என்றும் அங்கே இருக்கிறது. கேட்பதற்கு ஒரு முறை இருந்தால் அவர்களுக்கும் எளிது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 2007இல், மூன்று வயது நிரம்பாத ஒரு சிறுவன் மருத்துவமனையில் இருந்தபோதே தொற்று கண்டறியப்படாமல் இறந்தான். நிலைமை மோசமாகிறது என்ற பெற்றோரின் கவலைக்கு உரிய பதில் கிடைத்திருக்கவில்லை. 2013இல் அங்கே ஒரு விதி வந்தது. தங்கள் பிள்ளையின் நிலை மோசமாவதாகப் பெற்றோருக்குத் தோன்றி, சொல்லியும் கவனிக்கப்படவில்லை என்றால், மற்றொரு மருத்துவர் வந்து மறுபடியும் பார்க்கும்படி அவர்களே நேரடியாகக் கேட்கலாம். அந்தச் சிறுவனின் பெயரிலேயே அது ரையன் விதி என்று வழங்குகிறது.

மாற்கு நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில், வலிப்பு நோயால் துன்புற்ற மகனை ஒரு தந்தை கொண்டுவருகிறார். தாய்மாரைப் பற்றியே பேசிவிட்டோம், தந்தையரும் இதில் உண்டு. அவர் முதலில் சீடர்களிடம் போயிருந்தார், அவர்களால் முடியவில்லை. சுற்றிலும் மறைநூல் அறிஞர்களின் வாதம். ஆண்டவர் அந்தக் கூட்டத்தின் நடுவே பிள்ளையைத் தொடுவதற்கு முன்பு, பேயை அதட்டுவதற்கு முன்பு, தந்தையிடம் திரும்பி ஒன்று கேட்கிறார்: இது எவ்வளவு காலமாக இருக்கிறது? எல்லாம் அறிந்தவர் ஏன் கேட்க வேண்டும்? தந்தை பதில் சொல்கிறார். குழந்தைப் பருவத்திலிருந்தே என்கிறார். தீயிலும் தண்ணீரிலும் விழுந்ததை எல்லாம் சொல்கிறார். ஆண்டவர் அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்கிறார். நம்பிக்கை குறைந்திருக்கிறது என்று தந்தையே அழுது ஒப்புக்கொண்ட பிறகும் அவரை ஒதுக்கவில்லை.

எங்கள் பங்கில் இப்போது பிள்ளையை ஆசீர்வாதத்துக்குக் கொண்டுவருகிறவர்களிடம், நெற்றியில் சிலுவை அடையாளம் இடுவதற்கு முன் அந்தக் கேள்வியை நாங்களும் கேட்கிறோம். எத்தனை நாளாக இப்படி இருக்கிறது, அம்மா? நீங்கள் என்ன கவனித்தீர்கள்? பதில் நீண்டதாக இருந்தாலும் பின்னால் நிற்கிறவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். வின்சென்ட் தே பவுல் சபையார் இருவர் பங்கு இல்லத்தின் வண்டியோடு ஞாயிறு தோறும் பிற்பகல்வரை காத்திருக்கிறார்கள். துணைக்கு ஆளில்லாத தாய் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றால், இரண்டாம் திருப்பலி முடிந்ததும் அவர்களிடம் சொல்லுங்கள். மற்ற நாள்களில் பங்கு அலுவலகக் கதவைத் தட்டுங்கள்.